கரடி ருசி பார்த்த மூன்று பொந்துகள்

இலுப்பை மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் ஒரு பெண் கரடி மூன்று தேனடைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. தேனீக்கள் கொட்டி அதன் மூக்கு பலாக்காய் போல வீங்கியிருந்தது. அவ்வளவு பாடும் ஒரு குடுக்கை மது வாங்கத்தான்!

மது அதற்கல்ல. போன மழைக்காலத்தில் பள்ளத்தில் விழுந்து கிடந்த கரடியை ஒரு கொம்பன் யானைதான் தூக்கிக் கரையேற்றியது. "உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று கரடி கேட்டது. "நல்ல இலுப்பை மது ஒரு வாய் குடு, போதும்!" என்றது யானை. அந்த யானை நாளை இந்த வழியாக வருகிறது. உயிர் காத்தவருக்கு மட்டமான மதுவை ஊற்றுவதா? கூடவே கூடாது என்று கரடி முடிவுசெய்திருந்தது.

சரிவில் முள்ளம்பன்றி, மரநாய், நரி மூன்றிடமும் ஆளுக்கொரு மரப்பொந்தில் மது இருந்தது. மூன்றிலும் அந்தந்த மரத்துப் பூ மட்டுமே பல வருடம் ஊறியிருந்தது. குடுக்கைக்கு முள்ளம்பன்றி ஒரு தேனடை கேட்டது. மரநாய் இரண்டு கேட்டது. நரி மூன்று கேட்டது.

"வாங்க கரடியக்கா! நானே கூட்டிப்போய் ருசி காட்டுறேன்!" என்று நரி ஓடிவந்தது. "வெறும் வாயோட குடிக்கக் கூடாது. முதல்ல இந்த இலையை மெல்லுங்க, நாக்கு சுத்தமாகும்!"

கரடி இலையை மென்றது. முள்ளம்பன்றி ஒரு தொன்னையில் மதுவை ஊற்றிக் கொடுத்தது. "என் மரம் காட்டுத்தீயில பாதி கருகினது அக்கா. கொஞ்சம் புகை வாசம் வரும். பிடிச்சா எடுத்துக்கோ" என்றது. கரடி குடித்துப் பார்த்தது. சப்பென்று இருந்தது. மரநாயின் மதுவும் அப்படியே.

நரியின் மரம் உச்சிப்பாறையில் இருந்தது. ஏறி முடிப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. "பன்னிரண்டு மழை பார்த்த மது அக்கா இது! முதல்ல ஒரு நெல்லிக்காயைக் கடிங்க" என்றது நரி. கரடி கடித்தது, பிறகு குடித்தது. ஆகா, என்ன இனிப்பு!

கரடி தேனடைகளை எடுத்தது. கையெல்லாம் பிசுபிசுத்தது. பக்கத்து ஓடையில் கையைக் கழுவி, இரண்டு வாய் தண்ணீரும் குடித்தது. தண்ணீரும் இனித்தது!

"நரித் தம்பி, ஓடைத் தண்ணிக்கும் பன்னிரண்டு வயசா?"

நரி பேச்சை மாற்றியது. "சீக்கிரம் வாங்குங்க அக்கா! சிறுத்தை வாங்க வந்துட்டே இருக்கு!" என்றது.

"வரட்டும்! நெல்லிக்காய் என் நாக்கை ஏமாத்திடுச்சு, அந்த இலை என்ன பண்ணுச்சோ! நான் எல்லாத்தையும் மறுபடி பார்க்கணும்" என்று கரடி விறுவிறுவென்று கீழே இறங்கியது. நரி கொடுத்த அதே இலையைப் பறித்து மென்று, தன் தேனையே ஒரு நக்கு நக்கியது. மண்ணைத் தின்றது போல இருந்தது. தான் பாடுபட்டு எடுத்த தேனையே மண்ணாக்கிய இலையை நினைத்துக் கரடிக்கு ஆத்திரம் பொங்கியது. 'நாக்கு தெளியாம நகரமாட்டேன்' என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. நரி வந்து கெஞ்சியது, அவசரப்படுத்தியது. கரடி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தேன் தேனாக இனித்த பிறகுதான் எழுந்தது. மலை ஏறி இறங்கி மூன்றையும் வெறும் வாயோடு குடித்துப் பார்த்தது. நரியின் மது வெறும் புளிப்பு. மரநாயின் மது மணத்தது, ஆனால் தொண்டையில் நிற்கவில்லை. முள்ளம்பன்றியின் மதுவில் முதலில் புகை வந்தது. அப்புறம் மெதுவாக ஓர் இனிப்பு வந்து நெடுநேரம் தங்கியது. கரடி ஒரு தேனடையைக் கொடுத்து அதையே வாங்கிக்கொண்டது.

மறுநாள் யானை வந்தது. குடுக்கை ஒரே உறிஞ்சில் காலி! யானை கண்ணை மூடி நின்றது. பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "இன்னும் ஒரு வாய் கிடைக்குமா?" என்று கேட்டது.

"ஒண்ணு என்ன, இன்னும் ரெண்டு வாய் குடிங்க!" என்று கரடி மீதி இரண்டு தேனடைகளோடு முள்ளம்பன்றியிடம் ஓடியது.

பொருளை விற்பவனே நம் நாக்கையும் பக்குவப்படுத்தித் தந்தால், விலை கொடுக்குமுன் நாக்கு தெளியும்வரை காத்திருக்க வேண்டும்.