பேரணிக்குப் பெயர் வைத்த மிருகங்கள்

மூங்கில் காட்டுக் குளத்தில் தண்ணீர் குடிக்க வரி உண்டு. தினமும் ஆளுக்கு ஒரு குவியல் பழம்! யானைக்கும் ஒரு குவியல்தான், முயலளவே இருக்கும் சருகுமானுக்கும் ஒரு குவியல்தான். புலிராஜா போட்ட சட்டம் அது. வசூலுக்கு வருவது கழுதைப்புலி. வரி கட்டாதவர்களை அது புதருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போகும். போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

சருகுமான் செவந்தி நாளெல்லாம் பழம் பொறுக்குவாள். அத்தனையும் வரிக்கே போய்விடும். அவளுடைய குட்டி எலும்பும் தோலுமாகக் கிடந்தது. "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் என் பிள்ளை பிழைக்காது!" என்று பதறினாள். புதர் புதராக அலைந்து வரியைக் குறைக்கக் கேட்டு ராஜாவிடம் பேரணி போக ஆள் சேர்த்தாள்.

எல்லோரும் பாறை மறைவில் கூடினார்கள். அந்தக் காட்டில் ஒரு வழக்கம். கூட்டமாக ராஜாவிடம் போனால், கிளி முன்னால் பறந்து கூட்டத்தின் பெயரைச் சொல்லும். ராஜா அந்தப் பெயருக்குத்தான் பதில் சொல்வார். அதற்குமேல் பேச்சே கிடையாது.

"'வரிக் குறைப்புப் பேரணி'ன்னு வைப்போம். இதிலே யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் செவந்தி.

"ஐயையோ! மெதுவாப் பேசு தாயி!" என்றது காட்டெருமை. ஆள்தான் மலை மாதிரி, சரியான தொடைநடுங்கி! "'குறைப்பு'ன்னா நாம ராஜாவுக்கே உத்தரவு போடுற மாதிரி ஆயிடும். 'வரி வேண்டுகோள் பேரணி'ன்னு வைப்போம்."

தூரத்தில் கழுதைப்புலி சிரிக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் பாறையோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"'வரி'ங்கிற பேச்சே வேண்டாம்!" என்று குரங்கு கிசுகிசுத்தது. "வெறும் 'வேண்டுகோள் பேரணி' போதும்."

"வேண்டுகோள்னாலே நமக்கு ஏதோ குறைன்னு தெரிஞ்சிடுமே!" முள்ளம்பன்றியின் முட்கள் கிடுகிடுவென்று ஆடின. "பேசாம 'நன்றிப் பேரணி'ன்னு வெச்சிடுங்க. யாருக்கும் வம்பில்லை!"

"அடப் பாவிகளா! அப்புறம் எதுக்குப் போறோம்?" என்று கத்த வாயெடுத்தாள் செவந்தி. அதற்குள் பக்கத்துப் புதர் சலசலத்தது. காற்றா, கழுதைப்புலியா? "சரி, அப்படியே வையுங்க" என்று முனகினாள்.

விடிந்ததும் பேரணி கிளம்பியது. காடே திரண்டு வந்ததில் தரை அதிர்ந்தது. கிளி முன்னால் பறந்து கூவியது. "நன்றிப் பேரணி வருது! நன்றிப் பேரணி வருது!"

குகை வாசலில் நின்ற புலிராஜா பெருமூச்சு விட்டார். "அப்பாடா! இத்தனை பேர் சேர்ந்து வருவதைப் பார்த்து, வரியைக் குறைக்கச் சொல்வீர்களோ என்று நானே பயந்துவிட்டேன். குறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். நீங்கள் இந்த வரிக்கு நன்றி சொல்லவா வந்தீர்கள்? சந்தோஷம்! நாளை முதல் ஆளுக்கு இரண்டு குவியல்!"

"ஐயோ ராஜா, நாங்க வந்தது..." என்று அலறினாள் செவந்தி. ராஜா திரும்பியே பார்க்காமல் குகைக்குள் போய்விட்டார். காட்டெருமையும் குரங்கும் முள்ளம்பன்றியும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கழுதைப்புலி மெல்ல அவள் பக்கம் வந்து, "இரண்டு குவியல், மறந்துடாதே!" என்று சிரித்தது. செவந்தி வெறுங்கையோடு குட்டியிடம் நடந்தாள்.

கேட்க வந்ததைப் பயந்து மறைப்பவருக்கு, உள்ளதும் பறிபோகும்.