நாகதேவரின் இடக் கன்னம்

முன்னொரு காலத்தில், கண்ணாடி என்பது முகம் பார்க்க மட்டுமே என்று எல்லோரும் நம்பியிருந்த ஒரு நாட்டில், மகுடவர்மர் என்ற அரசருக்கு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் ஆசை வந்தது. கடல் கடந்து வந்த வணிகர்கள் மூட்டிவிட்ட ஆசை அது. அரசர் ஓலை பார்க்கும் அறையில் ஆளுயரக் கண்ணாடி வந்து நின்றது. காற்று வராது, தூசி வராது, ஈ வராது. வெளிச்சம் மட்டும் வரும். அது பிடித்துப்போய், தம் குதிரை வண்டிக்கும் இரண்டு பக்கமும் கண்ணாடி போடச் சொன்னார். அந்த வண்டியில் தினமும் காலையில் தெற்கே இருந்த கோட்டைக்குப் போவார். பொழுது சாய்வதற்கு முன் திரும்புவார்.

சில வருஷம் இப்படியே போயிற்று. ஒரு நாள் நாவிதர் முகம் மழித்துவிட்டுக் கண்ணாடியைப் பிடித்தபோது அரசர் திடுக்கிட்டார். வலக் கன்னம் பழையபடியே இருந்தது. இடக் கன்னம் கறுத்துத் தடித்துப் புள்ளி விழுந்து, வலக் கன்னத்துக்கு மூத்த அண்ணன் போல இருந்தது.

அவையில் விகடம் பேசிப் பிழைத்தவன் செங்கோடன். அவன் மனைவி பூவாயிதான் அரசருக்குத் தினமும் சந்தனப் பூச்சு அரைத்துக் கொடுப்பவள். செங்கோடன் வாயால் பலமுறை அவமானப்பட்டவர் அவைத் தலைவர் நாகதேவர். அவர் இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"அரசே! தங்கள் திருமுகத்தைத் தொடும் பொருள் ஒன்றே ஒன்றுதான். அது பூவாயியின் பூச்சு. அதில் ஏதோ கலந்திருக்கிறாள்."

"பூச்சு இரண்டு கன்னத்திலும்தானே பூசப்படுகிறது, ஐயா? ஒன்று மட்டும் ஏன் கறுத்தது?" என்று செங்கோடன் கேட்டான்.

"பூசுகிறவன் வலக்கைக்காரன். எதிரே நின்று பூசும்போது இடக் கன்னம்தான் கைக்கு வாகு. அங்கே பூச்சு அதிகம் விழும்" என்றார் நாகதேவர். அவை தலையாட்டியது.

அரசர் கோபத்தில் இருந்தார். பூவாயியைச் சிறையில் வைக்கவும், சித்திரைத் திருவிழா அன்று மொட்டையடித்து நாடு கடத்தவும் ஆணையிட்டார். செங்கோடன் காலில் விழுந்தான். அப்போது நாகதேவர் இன்னொன்று சொன்னார்.

"விகடகவி மிகவும் வேண்டுகிறாரே, அரசே. ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். அந்தப் பூச்சு தொடாமலே இடக் கன்னம் மட்டும் கறுத்த மனிதன் ஒருவனை அவர் காட்டட்டும். காட்டினால் பூச்சின் மேல் பழி இல்லை."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். "செங்கோடா, திருவிழாவுக்குள் அப்படி ஒருவனைக் கொண்டுவந்து என் முன் நிறுத்து. இல்லையென்றால் உன் மனைவியோடு நீயும் எல்லையைத் தாண்டிவிடு."

அப்போது மாசி மாதம். செங்கோடன் அன்றே தேட ஆரம்பித்தான். வயலில் இருந்தவர்கள் முகம் முழுக்கக் கறுத்திருந்தார்கள். கடைக்குள் இருந்தவர்கள் முகம் முழுக்க வெளுத்திருந்தார்கள். பாதி கறுத்துப் பாதி வெளுத்தவன் ஒருவனும் இல்லை. களைத்துப்போய்ச் சிறைக்குப் போனான்.

"சாப்பிட்டியா?" என்றான்.

"இங்க சோறு நல்லாத்தான் இருக்கு. நான் ஆக்கல, அதான்." பூவாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் அரைச்சது சந்தனமும் கஸ்தூரி மஞ்சளும். அதையேதான் உங்க மூஞ்சிக்கும் பூசுறேன். நீங்க கறுத்தா போயிட்டீங்க?"

"நான் முன்னாடியே கறுப்பு."

"அப்ப நீங்க சாட்சிக்கு ஆக மாட்டீங்க." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நிசமாச் சொல்லுங்க. ஆளு கிடைப்பானா?"

செங்கோடன் "பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். வழியெல்லாம் அந்தச் சொல் அவனுக்கே கசந்தது.

அரண்மனைக்கு வந்தவன் அரசரின் ஓலை அறைக்குள் போனான். ஆசனம் ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் பட்டு உறையில் ஒன்றைக் கவனித்தான். வலப்பக்கம் இன்னும் இரத்தச் சிவப்பு. கண்ணாடிப் பக்கம், அதாவது இடப்பக்கம், சாயம் போய் வைக்கோல் நிறம். பூவாயி பட்டுக்குப் பூச்சு பூசவில்லை. செங்கோடன் அந்த ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்தான். கொஞ்ச நேரத்தில் இடக் கன்னம் சுருசுருவென்றது.

பிறகு லாயத்துக்குப் போய் வண்டிக்காரனிடம் கேட்டான். "மகாராசா எந்தப் பக்கம் உக்காருவாரு?"

"எப்பவும் இடப்பக்கம்தான். ஏன்?"

காலையில் தெற்கே போகும்போது கிழக்கு இடப்பக்கம். மாலையில் வடக்கே திரும்பும்போது மேற்கு இடப்பக்கம். போகும்போதும் வரும்போதும் வெயில் அந்த ஒரே கன்னத்தைத்தான் பார்த்திருக்கிறது. செங்கோடன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்று வெகுநேரம் யோசித்தான்.

வெயில்தான் காரணம் என்று போய்ச் சொன்னால் அவை சிரிக்கும். கேட்டது ஆள். ஆளைத்தான் கொடுக்க வேண்டும்.

மறுநாள் அவையில் அவன் கைகட்டி நின்றான்.

"அரசே! முகத்தில் வருத்தம் இருப்பதால் தாங்கள் வெளியே போவதில்லை. கண்ணாடி வண்டி சும்மா நிற்கிறது. அரசருக்கு உடம்பு சரியில்லையோ என்று கடைத்தெருவில் பேச்சு. தோற்றமும் தகுதியும் உள்ள ஒருவர் தங்கள் சார்பில் தினமும் அதில் கோட்டைக்குப் போய்வந்தால் பேச்சு அடங்கும். அப்படி ஒருவர் இந்த அவையில் இருக்கிறாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை."

நாகதேவர் தொண்டையைக் கனைத்தார். மேலாடையைச் சரிசெய்தார். அரசர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஒரு வேண்டுகோள், ஐயா" என்றான் செங்கோடன். "பங்குனி வெயில் பொல்லாதது. வண்டிக்குள்ளும் ஒரு குடை வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் பக்கம் ஒரு திரையும் போட்டுக்கொண்டால் நல்லது."

"வண்டிக்குள் குடை பிடிக்க நான் என்ன விகடனா?" நாகதேவர் அவையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கண்ணாடி மூடியிருக்கும்போது வெயில் எப்படி ஐயா உள்ளே வரும்? அது வெளியேதான் நிற்கும். திரை போட்டால் மக்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள்? மேலும், எல்லோரும் அறிய ஒன்று சொல்கிறேன். பூவாயியின் பூச்சு இந்த முகத்தில் பட்டதே இல்லை. இனியும் படாது."

"எல்லோரும் கேட்டுக்கொண்டோம், ஐயா" என்று செங்கோடன் கும்பிட்டான்.

அன்று முதல் நாகதேவர் போனார், வந்தார். அரசரின் இடத்திலேயே உட்கார்ந்தார். வெயில் அடிக்க அடிக்க முகத்தை இன்னும் கண்ணாடிப் பக்கம் திருப்பி, மார்பை நிமிர்த்திக்கொண்டார். மாசி போய்ப் பங்குனியும் முடிந்தது. அவர் வீட்டு அம்மாள் ஒரு நாள், "ஒரு பக்கம் என்னமோ மாதிரி இருக்கே" என்றாளாம். "அது அதிகாரத்தின் தேஜஸ்" என்று அவர் சொல்லிவிட்டார். வேலைக்காரர்களுக்கு வாயைத் திறக்கத் துணிவில்லை. செங்கோடன் மட்டும் தினமும் வண்டி திரும்பும் நேரத்துக்கு வாசலில் நின்று, அவர் இறங்கும்போது பணிவாக வணங்கி, இடக் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் போனான். சில நாள் அவனுக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம்தான் கறுத்திருந்தது. பிறகு சித்திரை பிறந்தது. வெயில் அவனைக் கைவிடவில்லை.

திருவிழா அன்று அவை கூடியது. பூவாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாவிதர் கத்தியோடு காத்திருந்தார். செங்கோடன் வெறுங்கையோடு வந்தான்.

"எங்கே நான் கேட்ட ஆள்?" என்றார் அரசர்.

"கொண்டுவந்து நிறுத்திவிட்டேன், அரசே. தங்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்."

அரசர் திரும்பினார். பக்கத்தில் நாகதேவர் நின்றார். அரசர் எழுந்து அவரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். வலப்பக்கம் நின்று பார்த்தார், மாம்பழ நிறம். இடப்பக்கம் வந்து பார்த்தார், சுட்ட கத்தரிக்காய். முகக் கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். அதில் இரண்டு முகங்களும் சேர்ந்து தெரிந்தன. இரண்டு இடக் கன்னங்களும் உடன்பிறந்தவை போல இருந்தன. நாகதேவர் கண்ணாடியைத் தம் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"இது என்ன, செங்கோடா? இவர் முகம் இப்படி இருக்கவில்லையே!"

"இல்லை, அரசே. தாங்கள் கேட்டதுபோல் ஓர் ஆளை நாடு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. தேடிக் கொண்டுவா என்று ஆணையில் இல்லை. கொண்டுவா என்றுதான் இருந்தது. ஆகவே ஒருவரைச் செய்து கொண்டுவந்தேன். பூச்சு படவில்லை என்பதற்கு அவரே சாட்சி. எந்த வண்டியில், எந்த இடத்தில் உட்கார்ந்தார் என்பதற்கு ஊரே சாட்சி."

"அப்படியானால் வெயிலா? கண்ணாடி மூடித்தானே இருந்தது!"

"காற்றைத் தடுக்கும், அரசே. மழையைத் தடுக்கும். வெளிச்சத்தை விட்டுவிடும். வெளிச்சத்தோடு வெயிலும் வந்துவிடுகிறது. எரிப்பு குறைவாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தங்கள் ஆசனத்தின் பட்டு உறையைப் பார்த்தால் விளங்கும்."

உறையைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அரசர் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியை எடுக்க மாட்டேன்" என்றார் கடைசியில், குழந்தையைப் போல.

"எடுக்க வேண்டாம், அரசே. ஆசனத்தைச் சற்றுத் தள்ளிப் போடுவோம். வெயில் நேராக விழும் நேரத்தில் ஒரு வெள்ளைத் திரை. வண்டியிலும் அப்படியே. நீளக் கைச் சட்டை. இனிமேல் மேலும் கறுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். கறுத்தது முழுக்கப் போய்விடும் என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை."

அப்போது நாகதேவர் முன்னால் வந்தார். கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, "செங்கோடரே, இரண்டையும் ஒன்றுபோல் ஆக்க வழியே இல்லையா?" என்றார்.

"இருக்கிறது, ஐயா. அதே வண்டி, அதே வழி. எதிர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து போய்வாருங்கள். அடுத்த திருவிழாவுக்குள் வலமும் கறுத்துவிடும்."

அரசர் சிரித்தார். மாசியிலிருந்து சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. கண்ணில் நீர் வர, ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூவாயியை விடுவித்து, அவள் கையில் ஒரு பட்டுப் புடவை கொடுத்து, தவறு தம்முடையது என்றும் சொன்னார். செங்கோடனுக்குப் பரிசாக அந்தக் கண்ணாடி வண்டியையே கொடுத்துவிட்டார். தமக்குத் திரை வைத்த புது வண்டி ஒன்று செய்யச் சொன்னார்.

வண்டி செங்கோடன் வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. குதிரை இல்லை. பூவாயி அதைச் சுற்றிப் பார்த்தாள். கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டி, சூட்டைப் பார்த்தாள். மறுநாள் அதன் இருக்கை முழுக்க வெள்ளைத் துணி விரித்து வடகம் பிழிந்து வைத்தாள். காக்கைகள் கண்ணாடியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின.

இரண்டு நாள் கழித்து நாகதேவர் ஆள் அனுப்பினார். வண்டி சில மாதம் இரவலாகக் கிடைக்குமா என்று கேட்டுவரச் சொல்லியிருந்தார்.

செங்கோடன் பூவாயியைப் பார்த்தான்.

"வடகம் ஈரம் போகட்டும்" என்றாள் பூவாயி. "அப்புறம் வந்து ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க."