சாம்பார்க் குரல்

"மூணு ஞாயித்துக்கிழமை அலைஞ்சுட்டேன் தாயி. அந்தக் கூட்டம் எங்கே நடக்குதுன்னே கண்டுபிடிக்க முடியலை."

சொன்னவர் கல்யாணச் சமையல் மாஸ்டர் வெள்ளியப்பன். வயது ஐம்பத்து மூன்று. குடியை விட்டு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவள் கோமளத் தாயி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே, பாறையடியில் ஒரு தகரக் கொட்டகை, நாலு ஆடு. ஆசிரமம் என்றால் அவ்வளவுதான்.

"எந்தக் கூட்டம்?"

"குடியை விட்டவங்க ஒண்ணா உட்கார்ந்து பேசுவாங்களாம். தனியா விட முடியாது, அங்கே போங்கன்னு மதுரை டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையோட துவைச்சுத் தொலைச்சேன். இந்த ஊருதான், ஞாயிறு அஞ்சு மணி. அதுக்கு மேல ஞாபகம் இல்லை."

தாயி ஒரு கிளையை வளைத்து ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டாள்.

"மாஸ்டர், தெரியாத ஊருக்குச் சமைக்கப் போனா, பிராந்திக் கடையைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?"

வெள்ளியப்பன் முகத்தில் லேசாகப் பெருமை வந்தது. என்ன செய்ய, மனுஷன் அப்படி.

"அஞ்சே நிமிஷம் தாயி. அடுப்பு மூட்டுறதுக்குள்ளே போயிட்டு வந்துருவேன்."

"எப்படி?"

"கேட்கிறதுதான். அண்ணே, கடை எங்கண்ணேன்னா, வண்டியில ஏத்திட்டுப் போய் வாசல்லயே இறக்கி விடுவான்."

"இந்தக் கூட்டத்துக்கு யாருகிட்ட வழி கேட்டீங்க?"

வெள்ளியப்பன் ஆட்டைப் பார்த்தார்.

"மூணு வாரமா ஒருத்தர்கிட்டகூடவா கேட்கலை?"

"என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க தாயி?"

"கடைக்கு வழி கேட்டப்ப மட்டும் உங்களைக் கலெக்டர்னா நினைச்சாங்க?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதுவிட்டார்.

"பன்னிரண்டு நாள்ல பொண்ணுக்குக் கல்யாணம். என் கல்யாணத்துக்கு நீங்கதான் சமைக்கணும்ப்பா, குடிக்காம சமைக்கணும்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. அதுவரைக்கும் தாக்குப்பிடிப்பேனான்னு பயமா இருக்கு. வழி கேட்கலாம்னா, சம்பந்தியும் இதே ஊரு. குடிகாரன்னு அவர் காதுல விழுந்தா கல்யாணமே நின்னுபோகும். பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே ஏலக்காயை மென்னுதான் சமாளிச்சேன்."

"இப்ப மணி என்ன?"

"நாலரை."

"கடைவீதிக்குப் போங்க. நட்டநடுவுல நில்லுங்க. பந்தியில நின்னு சாம்பார் வாளியைக் கூப்பிடுவீங்களே, அந்தக் குரல்ல கேளுங்க."

"தாயி!"

"ஆடு பசியா நிக்குது. கிளம்புங்க."

கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெள்ளியப்பன் வாழையிலைக் கடைக்கு முன்னால் நின்றார். போகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, ஒரு ஓரத்துக்கே வந்துவிட்டார்.

மகள் முகம் ஞாபகம் வந்தது. திரும்பவும் நடுவுக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டார்.

"குடியை விட்டவங்க கூட்டம் எங்கேங்க நடக்குது?"

ஆயிரம் பேர் பந்தியில் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அது. தராசு பிடித்த கைகள் அப்படியே நின்றன.

இலைக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சர்ச்சுப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், மாஸ்டர். ஓடுங்க, மணி அஞ்சாகப் போகுது."

"நல்லபடியாப் போயிட்டு வாங்கண்ணே" என்றாள் பூக்காரி. "அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

அட, இவ்வளவுதானா! வெள்ளியப்பனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது.

"சம்பந்தி!"

சம்பந்தி நாகரத்தினம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வெள்ளியப்பன் நழுவப் பார்த்தார், பிடி விடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு.

"சம்பந்தி, நான் வந்து... வேற ஒருத்தருக்காக..."

"இந்தாங்க, இதைப் பிடிங்க." நாகரத்தினம் ஒரு பையை அவர் கையில் திணித்தார். உள்ளே டீத்தூள், சர்க்கரை, நாலு பிஸ்கட் பாக்கெட். "கூட்டத்துல இன்னைக்கு டீ என் பொறுப்பு. நடங்க, நேரமாச்சு."

"நீங்களா?"

"ஏழு வருஷமாச்சு, தொட்டே. உங்ககிட்டச் சொல்லவும் முடியாம மெல்லவும் முடியாம கிடந்தேன். தெரிஞ்சா பொண்ணு தர மாட்டீங்களோன்னு பயம்."

வெள்ளியப்பன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு உங்க வீட்டுல ஏலக்காய் வாசம் தூக்குச்சு" என்றார் நாகரத்தினம். "நான் மெல்லாத ஏலக்காயா! அதுசரி, இதை மெதுவாக் கேட்டா ஆகாதா? ஊரே திரும்பிப் பார்க்குது."

"பாறையடித் தாயிதான்... பந்தியில சாம்பார் கூப்பிடுற குரல்ல கேளுன்னாங்க."

நாகரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தும் நிற்கவில்லை.

"உங்களையுமா?"

பள்ளிக்கூடத்துப் பின்பக்க அறை திறந்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். வெள்ளியப்பன் வாசலில் செருப்பைக் கழற்றியவர், அங்கேயே நின்றுவிட்டார்.

நாகரத்தினம் உள்ளே போய்த் திரும்பி நின்றார். ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே கடைவீதியில், தாயி சொல்லித் தானும் கத்திய அந்தக் குரலை எடுத்தார்.

"உள்ளே வாங்க, உள்ளே வாங்க! படியில நிக்காதீங்க! உள்ளே எடம் காலியாத்தான் இருக்கு!"