தூறல் குட்டியின் புதுப் பெயர்

முதலில் ஒரு விடுகதை.

பிறந்ததும் ஒன்றைக் கேட்காமலே தருவார்கள். பள்ளியில் இன்னொன்றைக் கேட்காமலே ஒட்டுவார்கள். மூன்றாவதை மட்டும் நீயே எடுத்துக்கொள்ளலாம். அது என்ன?

விடைக்காகப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டாம். இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர்.

வேதாரண்யம் பக்கம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு சிறுமியிடம் இந்த மூன்றும் இருந்தன. வீட்டில் வைத்த பெயர் நிறைமதி. அவளே வைத்துக்கொண்ட பெயர் தூறல் குட்டி. பள்ளியில் ஒட்டிய பெயருக்கு அப்போது வயது மூன்று நாள்.

இணையத்தில் மழை பார்ப்பவர்களின் குழு ஒன்று உண்டு. பல ஊர்க்காரர்கள் தினமும் காலை எட்டரை மணிக்குத் தங்கள் ஊரில் பெய்த மழையை அளந்து அதில் எழுதுவார்கள். யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. இடிமுழக்கம், ஈரக்காற்று, காற்றழுத்தம் 77 என்றுதான் இருப்பார்கள். நிறைமதி அதில் சேர்ந்தபோது அவளுக்கு எட்டு வயது. தண்ணீர் பாட்டிலை வெட்டி, மேல்பாதியைப் புனல்போலக் கவிழ்த்து, ஸ்கேலை ஒட்டி, மொட்டைமாடியில் வைத்து அளந்தாள். நான்கு வருடம் ஒருநாள்கூட விடவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, அளவோடு சேர்த்து இரண்டு வரி அதிகமாக எழுதிவிட்டாள்.

'நாளை நம் கரையில் கனமழை. கலெக்டர் கட்டாயம் லீவு விடுவார்.'

தூறல் குட்டி யாரென்று தெரிந்த வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். மறுநாள் கணக்குத் தேர்வு. ஒருவரும் புத்தகத்தைத் தொடவில்லை.

வியாழக்கிழமை வெயில் பல்லைக் காட்டியது. கலெக்டர் லீவு விடவில்லை. கணக்கு டீச்சர் கேள்வித்தாளோடு வந்தார். முப்பத்தொரு பேர் தோற்றார்கள்.

வெள்ளிக்கிழமை நிறைமதி வகுப்புக்குள் நுழைந்ததும் பெஞ்சமின் பெஞ்சு மேல் ஏறி நின்றான்.

"லீவு மந்திரி வராங்க! எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடா!"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் வேறு வகுப்புகளும் நின்றன.

குழுவிலும் விடவில்லை. காற்றழுத்தம் 77 எழுதியிருந்தார்: 'தூறல் குட்டி முதலில் குடையைப் பிடிக்கப் பழகட்டும். வானத்தை அப்புறம் பிடிக்கலாம்.' அதற்குக் கீழே அறுபது பேர் சிரித்திருந்தார்கள்.

குழுவில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அது இரண்டு நாள் தள்ளி வந்தது.

ஞாயிறு காலை நிறைமதி அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் விதைப்பண்ணைக்குப் போனாள். பண்ணையின் மழைமானியைப் பார்த்துக்கொள்பவள் தையல்நாயகி. வயது இருபத்தெட்டு. பாட்டிலை வெட்டும் வித்தையிலிருந்து எல்லாவற்றையும் நிறைமதிக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

விடியற்காலையில் நல்ல மழை பெய்திருந்தது.

"வாங்க," என்றாள் தையல்நாயகி. "நீ சொன்ன மழை வந்துடுச்சு. மூணு நாள் லேட்டு."

"நீங்களுமா அக்கா?"

"சரி, சொல்லல. எதுக்கு இவ்வளவு காலையில?"

"எனக்கு ஒரு பேர் வேணும். யாருக்கும் நான்தான்னு தெரியக் கூடாது."

"என்ன யோசிச்சு வச்சிருக்க?"

நிறைமதி உள்ளங்கையைக் காட்டினாள். பேனாவால் எழுதியிருந்தாள். புயல் கண். நீல வானம். வளிமண்டலம்.

"வளிமண்டலம் ரொம்பப் பெருசா இருக்கே."

"பெருசா இருந்தாத்தான் பயப்படுவாங்க."

"நீ பயந்துட்டியா?"

"நான் ஒண்ணும் பயந்து ஓடல!" என்றாள் நிறைமதி. குரல் உயர்ந்தது. "அவங்க வாயை அடைக்கத்தான் மாத்துறேன்."

"அவங்க வாய் உன் பேர்லயா இருக்கு?"

நிறைமதி கையை மூடிக்கொண்டாள்.

"மணி எட்டரை," என்றாள் தையல்நாயகி. "முதல்ல அளவைப் பாரு."

மழைமானியைத் திறந்து, சேர்ந்திருந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றினாள். நிறைமதி குனிந்து, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்தாள். பதினான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

பண்ணையின் பதிவேடு அறையில் மேசைமேல் இருந்தது. நீளமான கெட்டி அட்டை நோட்டு. "இன்னிக்கு நீ எழுது," என்று தையல்நாயகி பேனாவைக் கொடுத்தாள். அதுவரை அவள் யாரிடமும் அந்தப் பேனாவைக் கொடுத்ததில்லை.

நிறைமதி மனத்தை எங்கோ வைத்துக்கொண்டு எழுதினாள். 12.4.

உடனே தெரிந்துவிட்டது. "ஐயோ!" என்று அந்த எண்ணின்மேல் கறுப்பாகக் கிறுக்கப் போனாள். தையல்நாயகி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே கோடு."

"என்ன?"

"குறுக்கே ஒரே ஒரு கோடு போடு. அடியில இருக்கிறதைப் படிக்க முடியணும். மேலே சரியானதை எழுது."

"அசிங்கமா இருக்குமேக்கா. வைட்னர் இல்லையா?"

"இந்த நோட்டுப் பக்கத்துல வைட்னரே வரக் கூடாது. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார். கறுப்பா அப்பிக் கிடக்கு. என்ன நினைப்பார்?"

"எதையோ மறைச்சிருக்காங்கன்னு."

"கோடு மட்டும் இருந்தா?"

நிறைமதி எண்ணின் குறுக்கே பேனாவை வைத்தாள். கோடு போட்டாள். மேலே 14.2 என்று எழுதினாள்.

"பக்கத்துல பேர் எழுது. திருத்தினா பேர் போடணும்."

"எந்தப் பேரு?"

"எந்தப் பேர்ல தப்பு பண்ணினியோ அந்தப் பேரு."

நிறைமதி தன் பெயரைச் சின்னதாக எழுதினாள். பிறகு போனை எடுத்தாள். பெயர் மாற்றும் படிவத்தில் இரண்டே கேள்விகள்தான். புதிய பெயர் என்ன? பழைய பதிவுகளும் உடன் வரவா? ஆம் என்றால், புதிய பெயருக்குக் கீழே பழைய பெயரும் எப்போதும் தெரியும். இல்லை என்றால், பழைய பதிவுகள் எல்லாம் 'விலகிய உறுப்பினர்' என்ற தலைப்பின் கீழ் போய்விடும். இதை மறுபடி மாற்ற இயலாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

"புயல் கண். இல்லை," என்று இரண்டு கேள்விக்கும் விடையைச் சொல்லிக்கொண்டே, தட்டுவதற்கு முன் ஒரு தடவை பழைய பதிவுகளைத் திறந்தாள்.

முதல் பதிவு, எட்டு வயதில் எழுதியது. 'இன்று 4 மி.மீ. எங்க பூனை நனஞ்சிருச்சு.' அதன் கீழே இடிமுழக்கம் கேட்டிருந்தார்: 'பூனை எத்தனை மி.மீ.?' இன்னொரு நாள்: 'இன்று 61. பாட்டில் பறந்துடுச்சு. தேடிப் போறேன்.' அன்று பதினேழு பேர் பாட்டில் கிடைத்ததா என்று விசாரித்திருந்தார்கள். ஈரக்காற்று சொல்லியிருந்தார்: 'கல்லைக் கட்டி வை, தூறல் குட்டி.' அந்தக் கல் இன்னும் மொட்டைமாடியில் இருக்கிறது.

நிறைமதி வெகுநேரம் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். மூக்கை உறிஞ்சினாள்.

"சளியா?" என்றாள் தையல்நாயகி.

"ஆமா."

"சரி."

"அக்கா, நான் எப்படி எழுதப் பழகினேன் தெரியுமா? குழுவுல நம்ம ஊர்ப் பழைய பதிவு ஒண்ணு இருக்கு. அஞ்சு வருஷம் எழுதியிருக்காங்க. யாருன்னு தெரியாது, விலகிய உறுப்பினர்னுதான் போட்டிருக்கு. சும்மா நம்பர் மட்டும் எழுத மாட்டாங்க. 'இன்று மழை இல்லை. வாய்க்கால் தவளைகள் கூட்டம் போட்டுப் பேசின…'"

"'…தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை,'" என்றாள் தையல்நாயகி, குடுவையைத் துடைத்துக்கொண்டே.

நிறைமதி நிமிர்ந்தாள்.

"நீங்களும் படிச்சிருக்கீங்களா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிரவுசிங் சென்டர் இருந்தது. ஸ்கூல் விட்டதும் அங்க ஓடிப் போய் எழுதுவேன்."

"அது நீங்களா!"

தையல்நாயகி குடுவையைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன பேர்ல எழுதினீங்க?"

"கொண்டல்."

"எவ்வளவு நல்ல பேரு! எதுக்கு விட்டீங்க?"

"பதினொண்ணாவது படிக்கும்போது ஒருநாள் புள்ளியை மறந்துட்டேன். பதினொண்ணு புள்ளி ரெண்டு பெய்ஞ்சதை நூத்திப்பன்னெண்டுன்னு எழுதிட்டேன். வெளியூர்ல இருந்த நம்ம ஊர்க்காரங்க எல்லாம் வீடு மிதக்குதான்னு போன் மேல போன். ஒரு மாசம் என்னை நூத்திப்பன்னெண்டுன்னுதான் கூப்பிட்டாங்க. அடுத்த முதல் ஞாயித்துக்கிழமை பேரை மாத்திட்டேன்."

"ரெண்டாவது கேள்விக்கு?"

"இல்லைன்னு தட்டினேன்."

வெளியே கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம் கேலி நின்னுச்சா?"

"நின்னுச்சு. ரெண்டு வாரத்துல வேற ஒருத்தர் மாட்டினார். எல்லாரும் அவர்கிட்டப் போயிட்டாங்க."

"அப்போ திரும்ப வாங்கியிருக்கலாமே."

"கேட்டேன். நீங்கதான் எழுதினீங்கங்கிறதுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டாங்க. என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அந்த நூத்திப்பன்னெண்டு?"

"அது இன்னும் அங்க அப்படியே இருக்கு. தப்புன்னு ஒரு கோடு போடக்கூட என்னால முடியல."

நிறைமதி அந்தப் பதிவைத் தேடிப் பார்த்தாள். இருந்தது. 112. மேலே, விலகிய உறுப்பினர்.

"லீவு மந்திரின்னு நாளைக்கும் கூப்பிடுவாங்க," என்றாள் நிறைமதி. "பெஞ்சமின் பெஞ்சு மேல ஏறுவான்."

"ஏறுவான்."

"காற்றழுத்தம் 77 இன்னும் ஏதாவது எழுதுவார்."

"எழுதுவார். அவருக்கு வேற வேலை இல்ல."

"என் இடத்துல நீங்க இருந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

தையல்நாயகி பதிவேட்டை மூடினாள்.

"உன் இடத்துல நான் இருந்துட்டேன், மதி. அதைத்தான் நீ பேர் தெரியாம நாலு வருஷமா படிச்சுக்கிட்டு இருக்க."

நிறைமதி உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்தாள். வளிமண்டலம் பாதி அழிந்தது. பிறகு படிவத்தை நிரப்பினாள்.

புதிய பெயர் என்ற இடத்தில் 'லீவு மந்திரி' என்று எழுதினாள். பழைய பதிவுகளும் உடன் வரவா என்ற இடத்தில் 'ஆம்' என்பதைத் தட்டினாள்.