மயிரிழை வித்தியாசமும் இல்லாத காலிப்பர்

அன்று மலைமேல் பட்டறையில் இருந்தவர்கள்: கார்க்கார வெள்ளிங்கிரி, அவர் மச்சான் ஓதியப்பன், பங்காளி சடையப்பன், பட்டறைக்கார ரங்கண்ணன். ஆக நால்வர். இருபத்தெட்டு வயதுக் கார் ஒன்று. ரங்கண்ணன் வெறுங்கால் ஆகையால் செருப்பு ஆறு.

மறுநாள் அடிவாரத்தில் வெள்ளிங்கிரியின் மகளுக்கு வளைகாப்பு. "காரோடு வந்தால்தான் பெண்ணை அனுப்புவேன்" என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டாள். காருக்கோ பின் பிரேக் பிடிக்கவில்லை.

ரங்கண்ணன் துருப்பிடித்த காலிப்பரைக் கழற்றி, அடையாளத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். "சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிறது இதுதானுங்க. மாதிரியைக் காட்டி வாங்குங்க. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் வாங்காதீங்க."

மூவரும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிப் போய் ஏழு கடை பார்த்தார்கள். ஏழிலும் காலிப்பர் இருந்தது. ஒன்றையும் வாங்கவில்லை.

"மாமா, இது பளபளங்குது. நம்முளுது துரு" என்றார் ஓதியப்பன்.

"ஆமா மாப்ளே. இதுல பிஸ்டன் வேற அசையுது. நம்முளுது அசையவே அசையாது."

"புதுசு அப்படித்தானுங்க இருக்கும்!" என்றார் கடைக்காரர்.

"வித்தியாசத்தை நீங்களே ஒத்துக்கிட்டீங்க" என்று சடையப்பன் வெளியேறினார்.

எட்டாவது, பழைய இரும்புக்கடை. வெள்ளிங்கிரி மாதிரியைக் குவியல்மேல் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டித் தேடினார். பத்தே நிமிடம்.

"கெடச்சிருச்சு! அதே துரு! ரங்கண்ணன் போட்ட சுண்ணாம்புக் கோடு கூட இருக்குது!"

"மாதிரியைக் காணோமே மாமா?"

"இனி அது எதுக்கு?"

எடை போட்டு வாங்கி வந்தார்கள். ரங்கண்ணன் தலையில் கை வைத்தார். "இது நான் கழட்டிக் குடுத்ததுங்க!"

வெள்ளிங்கிரி பூரித்துப்போனார். "பாத்தீங்களா, கழட்டினவருக்கே வித்தியாசம் தெரியலை!"

"சாமி, காரை இறக்கத்துல மட்டும் இறக்கிராதீங்க. ஏத்தம்னா பரவால்ல."

மறுநாள் காலையில் மூவரும் ஆழ்ந்து யோசித்தார்கள்.

"கார் மூக்கு மேலே பார்த்திருந்தா அது ஏத்தந்தானே?" என்றார் சடையப்பன்.

மறுப்பார் இல்லை. காரைத் திருப்பி நிறுத்திப் பின்பக்கமாகவே உருட்டினார்கள். ஓதியப்பனும் சடையப்பனும் காருக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து, நான்கு செருப்பும் தேயத் தேய வழுக்கிக்கொண்டே போனார்கள். வெள்ளிங்கிரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கதவுக்கு வெளியே வலது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். நல்ல நேரத்துக்குள் அடிவாரம் சேர்ந்தாயிற்று. வளைகாப்பு முடிந்து மகளும் காரில் ஏறினாள்.

தேயாத செருப்பு ஒன்றே ஒன்று: வெள்ளிங்கிரியின் இடது கால் செருப்பு. வழியில் செருப்புக்கடையில் நிறுத்தி அதைக் காட்டினார்.

"இதே மாதிரி அஞ்சு குடுங்க. மயிரிழை வித்தியாசம் கூடாது."

அன்று அந்தக் கடையில் மிச்சம், வலது கால் செருப்பு ஐந்து.