முகம் வெட்டிய படம்

மலையடிவாரத்தில் பால்வினை நோய்களுக்கு வைத்தியம் பார்த்து வந்த டாக்டர் செங்கமலத்துக்கு ஒரே ஒரு சீடர். பெயர் தணிகாசலம். டாக்டரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வந்து, "எனக்கும் கத்துக்குடுங்கம்மா, ஊர் ஊராப் போய்ச் சொல்றேன்" என்று சேர்ந்துகொண்டவர்.

சொல்லிப் பார்த்தார். யாரும் காது கொடுக்கவில்லை. ஒருநாள் பழைய கோப்பு ஒன்றிலிருந்து ஒரு நோயாளியின் படத்தை எடுத்து, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினார். கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டார். மிச்சமிருந்தது உடம்பும் புண்ணும்தான். டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று பட்டது.

கல்குவாரியில் முதன்முதலாக அதை விரித்தபோது பேச்சு சட்டென்று அடங்கியது. தலைகள் குனிந்தன. ஒருவன் எழுந்து ஓடிப் போய் வாந்தி எடுத்தான். தணிகாசலத்துக்கு உள்ளூர நிறைவாக இருந்தது.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் குனியவில்லை. அவள் புண்ணையும் பார்க்கவில்லை. படத்தின் மேல் விளிம்புக்கும் மேலே, வெறும் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் சந்தையில் விரித்தார். அங்கேயும் அவள் இருந்தாள். அதே பார்வை. தணிகாசலம் தன்னையறியாமல் திரும்பி, படத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தார். வெயில்தான் இருந்தது.

மூன்றாவது செங்கல் சூளை. நடுப்பகல். ஒரு குழந்தைகூட அழவில்லை. அவள் அங்கேயும் உட்கார்ந்திருந்தாள். தணிகாசலத்துக்குப் பேச வேண்டியது பாதி மறந்துபோயிற்று.

கூட்டம் கலைந்ததும் அவள் பக்கத்தில் வந்தாள். படத்தில் இடுப்போரம் இருந்த ஒரு மச்சத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அண்ணே, முகத்தை எங்க வச்சீங்க?"

தணிகாசலம் அந்த விரலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யா... யாரும்மா நீ?"

"இதுதான் நான். நீங்க இதைத் தூக்கிட்டுப் போற இடத்துக்கெல்லாம் பின்னாலயே வர்றேன். வராம இருக்க முடியல."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானேம்மா முகத்தை எடுத்தேன்."

"எனக்குத் தெரியுதேண்ணே."

மச்சத்தின் மேலிருந்து விரலை எடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்தச் சூளையில ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு இப்பத்தான் தொடக்கம். டாக்டரம்மாகிட்ட வர்றதா இருந்தா. சந்தையில இந்தப் படத்தைப் பார்த்துட்டு மாட்டேங்கறா. கடைசியில இப்படித்தான் ஆகும்னா வைத்தியம் எதுக்குங்கறா."

"நீ சொல்லக் கூடாதா? குணமாயிடும்னு?"

"எப்படிச் சொல்றது? அந்தப் படத்துல இருக்கறது நான்தான்னு இல்ல சொல்லணும்?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு செங்கல் அடுக்குகளுக்கு நடுவே நடந்து போனாள். தணிகாசலம் படத்தைச் சுருட்டினார். சுருட்டச் சுருட்ட, ஒரு உடம்பை மடக்குவதுபோல் இருந்தது. மருத்துவமனைவரை அதைத் தோளில் போடாமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டே வந்தார்.

செங்கமலம் கை கழுவிக்கொண்டிருந்தார். தணிகாசலம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், கேட்காமல் எடுத்ததையும் சேர்த்து. டாக்டர் முகத்தில் கோபம் தெரியவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"விரிங்க" என்றார் டாக்டர்.

மேஜைமேல் விரித்தார்.

"இது எதுக்காக எடுத்த படம், தெரியுமா?"

"தெரியாதும்மா."

"மருந்து கேக்குதான்னு பார்க்க எடுத்தது. வாராவாரம் ஒண்ணா மொத்தம் ஒன்பது. உங்களுக்கு எத்தனை கிடைச்சது?"

"ஒன்பதும் கோப்புலதான் இருந்தது."

"எதை எடுத்தீங்க?"

"முதல் படத்தை."

"ஏன்?"

"மத்ததெல்லாம்... பார்த்தா பயம் வரலம்மா."

டாக்டர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சு காலியாகக் கிடந்தது. மூன்று வாரமாகவே அப்படித்தான் கிடக்கிறது என்பது தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, இந்தப் படத்துல இருக்கறவளுக்குப் புண் ஆறி எத்தனை நாளாச்சு?"

"மூணு வருஷம்."

"ஒரு தழும்புகூட இல்லையா?"

"இல்ல, வாத்தியாரே. உங்க கையிலதான் இன்னும் ஆறல."