கொற்றையூர் அரசரின் ஒளிவட்டம்

முன்னொரு காலத்தில் கொற்றையூரை மாறவண்ணன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் புகழ்ந்து நாலு வார்த்தை காதில் விழுந்தால் போதும், மயங்கிவிடுவார்.

அமைச்சர் பதவிமேல் கண் வைத்திருந்த அவைப்புலவர் குணதரர் ஒருநாள் எழுந்தார். "அரசே! தங்கள் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வீசுகிறது! இனி அந்தச் சொல்லை வேறு யாரையாவது பற்றிச் சொன்னால், சொன்னவரை நாடு கடத்த வேண்டும்!"

அரசர் குளிர்ந்துபோய் அப்படியே முரசு அறையச் சொல்லிவிட்டார்.

அமைச்சர் பொறையாளருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எந்த அப்பாவி மாட்டப்போகிறாரோ என்று ஒரே கவலை. பயந்தபடியே ஆயிற்று. பூக்காரி செங்கமலம் மகளுக்கு வெயிலில் தலை உலர்த்தும்போது, "என் தங்கத்துக்கு எவ்வளவு பெரிய ஒளிவட்டம்!" என்று கொஞ்சியிருக்கிறாள். தாயையும் பிள்ளையையும் காவலர்கள் அவைக்கு இழுத்துவந்தார்கள்.

"அனுப்புங்கள் எல்லைக்கு!" என்றார் குணதரர்.

"அனுப்பலாம் புலவரே. சாட்சி வேண்டாமா? எனக்குக் கண் மங்கல், நீங்கள்தான் பார்த்தவர்" என்ற பொறையாளர், குறுக்கே திரை கட்டினார். பின்னால் அரசர், சமையல்காரர், யானைப்பாகன் மூவரையும் உட்காரவைத்தார். "ஒளி திரைக்கு மேலேயும் தெரியுமே. அரசர் எங்கே?"

குணதரர் திரையை மேலும் கீழும் பார்த்தார். "இடது ஓரம்! அப்பப்பா, கண் கூசுகிறது!"

திரை விலகியது. இடது ஓரத்தில் கரண்டியும் கையுமாகச் சமையல்காரர். "ஐயா, எனக்கா?"

அவை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

"உனக்காவது தெரிகிறதா அம்மா?" என்று அரசர் பூக்காரியைக் கேட்டார்.

"இல்லீங்க சாமி. என் பிள்ளை தலையிலதான் தெரியுது. இந்தப் பாகன் அண்ணனுக்கு அது தெரியாதாம். அவர் யானைக்கு இருக்காம், இப்பத்தான் காதுல சொன்னாரு."

பாகன் நெளிந்தான். "குளிச்சிட்டு வெயில்ல நின்னா இருக்குங்க."

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "போம்மா, பிள்ளையோடு வீட்டுக்குப் போ. அவரவர் செல்லத்தை அவரவர் கொஞ்சுங்கள். குணதரரே! நாளையிலிருந்து யானையைக் குளிப்பாட்டும். ஒளிவட்டம் தெரிகிறவரை!"

பிறகு அமைச்சர் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார். "எனக்குத் துளிகூட இல்லையா?"

"இப்போது லேசாக, காதோரம்..."

"பொய்!"

"பொய்தான் அரசே. பழகிய பாசத்தில் வந்தது."

அன்றைக்குத்தான் பொறையாளர் வயிறாரச் சாப்பிட்டார்.